மஞ்சள் குல்லா

அத்தியாயம் 11

ரேணுகா வீட்டு ஃபிரிட்ஜைப் பற்றிப் போன வாரமே சொல்லியாகிவிட்டது. அது குளிராது. கம்ப்ரஸர் போன அன்றைக்கே காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய பெட்டி. ஆனால் உள்ளே இருக்கும் குண்டு பல்பு மட்டும் நன்றாக எரிகிறது. கதவை மூடினாலும் அணையாதபடி தெருக்கோடி எலக்ட்ரீஷியனை விட்டு ஒயரை மாற்றி வைத்துக்கொண்டாள் ரேணுகா. அந்தச் சூட்டில்தான் அவளுடைய காகிதங்கள் பிழைத்துக் கிடக்கின்றன.

மரக்காணத்தில் ஒரு காகிதப் பூவைச் செய்து மேஜை மேல் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் இதழெல்லாம் தொங்கிப் போயிருக்கும். உப்பளத்துக் காற்று அப்படி. அதனால் பூக்கள், கிளிகள், மடித்த பெட்டிகள் எல்லாம் ஃபிரிட்ஜுக்குள். காய்கறி கூடத்து மூலையில், ஒரு கூடையில்.

கல்யாணத்துக்கு முன்னால், பெரிய முதலியார்சாவடியில் இருந்தபோது, ஆரோவில்லில் ஒரு கைவினைக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள் ரேணுகா. குரோஷா ஊசி பிடிக்கவும் காகிதம் மடிக்கவும் அங்கேதான் பழகினாள். அப்போது பின்னியதெல்லாம் முகம் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போனது. இப்போது எல்லாம் சொந்தக்காரர்களுக்கு. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் சரத்குமாருக்கு மொபைல் உறை. வானூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பிரியங்காவுக்குக் கைப்பை, தலையணை உறை, டிவி மேல் போட ஒரு விரிப்பு. மருமகன் அரவிந்தனுக்குச் சாவிக்கொத்து. சம்பந்தியம்மாள் விருத்தாம்பாளுக்கு, தீபாவளிக்கு, அரக்கு நிறத்தில் ஒரு சுருக்குப்பை.

எதற்கும் பெரிதாகப் பதில் வராது. 'வந்துச்சும்மா, சூப்பர்' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். அதையே ரேணுகா நான்கு தரம் கேட்பாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. புருஷன் ராமதாஸ் விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார். நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சில் மகா சிக்கனம். மத்தியானம் வந்து சாப்பிட்டுப் படுப்பார், வெயில் தாழ்ந்ததும் மறுபடி உப்புப் பாத்திக்குப் போவார். 'இன்னிக்குக் காத்து நல்லா இருக்குது' என்பதுதான் அந்த வீட்டில் ஒரு நாளைக்கு உத்தரவாதமாகக் காதில் விழும் ஒரே வாக்கியம்.

அந்த வீட்டுக்குத்தான் இன்றைக்குப் பிரியங்கா வரவேண்டும்.

இன்று வளைகாப்பு. வானூரில் மாமியார் வீட்டில் வளையல் அடுக்கி, கலவை சாதம் போட்டு, அப்படியே மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வருவது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாடு சுலபத்தில் அமையவில்லை. போன தடவை நாலாம் மாதத்தில் கரு கலைந்தபோது பிரியங்கா மரக்காணத்தில்தான் இருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை பிரசவம் வானூரில்தான் என்று விருத்தாம்பாள் ஒற்றைக் காலில் நின்றார். அரவிந்தன் அம்மாவிடம் மன்றாடி, கடைசியில் 'சரி, வளையல் போட்டதும் அனுப்புறேன்' என்ற வார்த்தையை வாங்கினான்.

அந்த ஒரு வார்த்தையில்தான் ரேணுகா இத்தனை நாள் ஓட்டினாள். குழந்தை பிறந்து, பேர் வைத்து, மூன்றாம் மாதம் வரைக்குமாவது வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கும். மகள் படுக்கப் போகும் அறைக்கு ஜன்னல் திரை பின்னினாள். சுவர் முழுக்கக் காகிதக் குருவிகள் ஒட்டினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்கவும் கூடாது, தைக்கவும் கூடாது. இந்தப் பக்கத்தில் இதைத் தெரியாத பெண் கிடையாது. பிள்ளை பிறந்தால் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டியில்தான் ஏந்துவார்கள். புதுத்துணியெல்லாம் பேர் வைக்கிற அன்றைக்கு. ரேணுகாவுக்கும் தெரியும். தெரிந்தும், மிச்சமிருந்த மஞ்சள் நூல் கண்டைக் கையில் எடுத்தவள் சும்மா இருக்கவில்லை. உள்ளங்கையில் கவிழ்த்தால் அடங்கிவிடுகிற ஒரு குல்லா. கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு இரண்டு சாக்ஸ். போன வார முடிவில் அவற்றை ஒரு காகிதப் பெட்டியில் வைத்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒளித்தாள். பேர் வைக்கிற நாள் வரை யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அவள் கணக்கு.

ஒளிக்கத் தெரிந்தவளுக்கு ஓர் அடையாளம் போட்டு வைக்கத் தோன்றவில்லை. வளைகாப்புக்கு வருகிற பெண்களுக்கு வளையலும் குங்குமமும் வைத்துக் கொடுக்க அவள் மடித்திருந்த பெட்டிகளும் அதே சிவப்பு, அதே மடிப்பு, மேலே அதே வெள்ளைப் பூ.

காலையில் வேன் வந்துவிட்டது. ரேணுகா சேலை மடிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜில் இருக்கும் பெட்டிகளை வேனில் ஏற்றும்படி உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். ராமதாஸ் ஒரு வேலையைச் சொன்னால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. உப்பு வாரினால் பாத்தியில் ஒரு கல் மிச்சம் விடமாட்டார். ஃபிரிட்ஜையும் அப்படியே அடித்தட்டு வரை வாரிக்கொண்டு போனார்.

* * *

வானூர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி நிறைய ஜனம். சீர்த்தட்டுகள் உள்ளே போனபோது பெண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். தட்டுக்குத் தட்டு காகிதத் தாமரை. வளையல் தட்டில் இரண்டு பச்சைக் கிளிகள். கடையில் வாங்கினதா என்று யாரோ கேட்டார்கள். எங்கம்மா செய்தது என்று பிரியங்கா சொன்னது ரேணுகாவின் காதில் விழுந்தது. அந்த நாளில் அவளுக்குக் கிடைத்த நல்ல நிமிஷம் அதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் பார்த்தாள். விருத்தாம்பாளின் இடுப்பில் அரக்கு நிறச் சுருக்குப்பை. நூல் இரண்டு இடத்தில் மங்கியிருந்தது. தினமும் புழங்குகிற பை. அந்த வீட்டுக்கு அனுப்பியதில் ஒன்று புழக்கத்தில் இருப்பதை ரேணுகா இன்றைக்குத்தான் காண்கிறாள். அதுவும் யாரிடம்.

கதவோரம் பிரியங்காவின் சிவப்பு டிராவல் பேக் ஜிப் போட்டுத் தயாராக நின்றது. ரேணுகா போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

வளையல் அடுக்கினார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். பிரியங்காவின் இரண்டு கையிலும் முழங்கைக்கு முக்கால்வாசி வரை கண்ணாடி வளையல். அவள் முகம் பூரித்து, கொஞ்சம் களைத்து, பார்க்க நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ரேணுகா ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் கையாலேயே சிவப்புப் பெட்டியைக் கொடுத்துக்கொண்டு போனாள்.

விருத்தாம்பாளின் அக்கா கொளஞ்சியம்மாளுக்கு எதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறக்கிற பழக்கம் கிடையாது. அங்கேயே பிரித்தார். மஞ்சள் குல்லாவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். சாக்ஸ் நழுவிக் கீழே விழுந்தது.

"என்னாம்மா இது? எல்லாருக்கும் வளையலு, எனக்கு மட்டும் குல்லாவா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கேட்டு முடிக்கும்போதே அவருக்கும் விஷயம் புரிந்து சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்துப் பெண்கள் குல்லாவைப் பார்த்தார்கள், பிரியங்காவைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். ஒன்பதாம் மாத வயிற்றின் முன்னால் பிள்ளைக் குல்லா. அதுவும் ஒரு தரம் தவறிப்போன வயிறு.

ரேணுகா கையில் மிச்சமிருந்த பெட்டிகளை அப்படியே இறக்கி வைத்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. இனி இந்த வீட்டுப் படியைத் தாண்டி மகளை அனுப்புவார்களா?

விருத்தாம்பாள் எழுந்து வந்தார். குனிந்து, விழுந்ததை எடுத்தார். அக்காவின் கையிலிருந்த குல்லாவை வாங்கினார்.

"இது என்னுதுக்கா. நம்ம வீட்டுப் பூஜை ரூம் கிருஷ்ணருக்கு, நான்தான் சம்பந்திகிட்ட பின்னித் தரச் சொல்லியிருந்தேன். பொட்டி மாறி வந்துடுச்சு."

கொளஞ்சியம்மாள் லேசில் விடுகிற ஆளா. கிருஷ்ணருக்கு சாக்ஸ் எதற்கு என்றார்.

"மாசிப் பனிக்குத்தான்."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது, பிறகு எல்லோரும் சிரித்தார்கள், இலை போடச் சொல்லிக் குரல் கேட்டது. விருத்தாம்பாள் பெட்டியை மூடி ரேணுகாவின் கையில் திணித்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை.

"சாப்டுட்டு ராகு காலத்துக்கு முன்னாடி கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க சம்பந்தி" என்றார்.

ரேணுகாவுக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது. இத்தனை வருடமாக மனதுக்குள் இந்த அம்மாளோடு எத்தனை சண்டை போட்டிருப்பாள்!

சந்தோஷத்தில் அவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. எல்லோரும் சிரித்தபோது பிரியங்கா சிரிக்கவில்லை.

* * *

அறைக்குள் பிரியங்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலையை மாற்றிக்கொள்ள ரேணுகா உதவப் போனாள். கையில் இருந்த பெட்டியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, வேனில் தலையணை போட்டு வைத்திருப்பதையும், டிரைவரைப் பள்ளத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லியிருப்பதையும் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

"நான் வரலம்மா."

ரேணுகாவுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. பிறகு, அத்தை ஒன்றும் கோபப்படவில்லையே, அவரேதான் கூட்டிப்போகச் சொன்னார் என்றாள்.

"அத்தைக்காக இல்ல. நான்தான் வரல."

பிரியங்கா அழவில்லை. வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே பேசினாள். போன தடவையும் அம்மா பின்னினாள். பச்சை நிறத்தில் ஒரு சின்ன ஸ்வெட்டர். மரக்காணத்து வீட்டில், அந்த அறையில் வைத்துக் காட்டினாள். பிரியங்கா அதைக் கையில் வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே எல்லாம் முடிந்துபோனது. அந்த ஸ்வெட்டரைப் பற்றி அரவிந்தனிடம்கூட அவள் வாய் திறந்ததில்லை.

"சொன்னா உன்னைத்தானே பேசுவாங்க. அதான் சொல்லல."

டாக்டர் அன்றைக்கே தெளிவாகச் சொன்னாரே பாப்பா, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று, என ரேணுகா ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. எனக்கும் நம்பிக்கை இல்ல. ஆனா பயமா இருக்குது. அந்த ரூம்ல நான் எப்பிடிப் படுப்பேன்? நீ பக்கத்துல உக்காந்து பின்னிக்கிட்டே இருப்பே. என்ன பின்றேன்னு நான் பாத்துக்கிட்டே கெடப்பேன்."

இனிமேல் ஊசியைத் தொடமாட்டேன் என்று ரேணுகா சொன்னாள். சத்தியம் பண்ணட்டுமா என்றாள். கிட்டத்தட்டக் கெஞ்சினாள். பிரியங்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் சரி என்று சொல்லவில்லை.

மாற்றுச்சேலை எடுக்க ரேணுகாதான் பீரோவைத் திறந்தாள். மேல் தட்டில், ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவர்களில், எல்லாம் அடுக்கி இருந்தது. கைப்பை, தலையணை உறை, டிவி விரிப்பு, முடி கிளிப்புகள், காகிதச் சுருள் ஒட்டி குவில்லிங் பண்ணின போட்டோ ஃபிரேம். ஒவ்வொரு கவரிலும் பாச்சை உருண்டை. ஒன்றைக்கூடப் புழங்கின அடையாளம் இல்லை.

எதையும் பிடிக்கவில்லையா என்று கேட்டாள் ரேணுகா.

"ரொம்பப் பிடிக்கும்மா. அப்பப்ப எடுத்துப் பாப்பேன். யூஸ் பண்ண மட்டும் முடியல. ஒவ்வொண்ணு வர்றப்பவும், இதைப் பின்ற வரைக்கும் நீ யாருமே இல்லாம எவ்ளோ நேரம் உக்காந்திருந்தியோன்னுதான் தோணுது. இங்கருந்து என்னால ஒண்ணும் பண்ண முடியல இல்ல?"

ரேணுகா பீரோக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிரியத்தை அனுப்புகிறோம் என்று நினைத்திருந்தாள். இத்தனை நாளும் தபாலில் போய்ச் சேர்ந்தது அவள் தனிமைதான் என்று ஒருவரும் சொல்லவில்லையே. மகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பு அவளுக்கு வலித்தது. பிள்ளையைத் தொட்டிலில் போட வேண்டிய கைகளைக் கண்டு அந்தப் பிள்ளையின் தாயே பயப்படுகிறாள் என்பது அதைவிட வலித்தது.

"சரி பாப்பா" என்றாள். "அங்க உப்பு வார்ற சமயம். எனக்கும் வேலை இருக்குது. நீ இங்கயே இரு."

ரேணுகா கொல்லைப்புறக் குழாயில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வரும்போது மகள் கட்டிலில் ஒருக்களித்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ரேணுகா கால்மாட்டில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டாள். மகளின் பாதத்தை ஒரு தரம் தடவிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் விருத்தாம்பாள், பெண் எங்கே என்று கேட்டார். வெயிலில் இத்தனை தூரம் வேண்டாம், ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம், நானேதான் இருக்கச் சொல்லிவிட்டேன் என்றாள் ரேணுகா. ஆக, இன்றைக்குச் சம்பந்திகள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பொய் சொல்லிக் கணக்கைச் சரிசெய்துகொண்டார்கள். விருத்தாம்பாள் நம்பினாரா என்று தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டு, பார்த்துப் போங்க என்று மட்டும் சொன்னார்.

சிவப்பு பேக் கதவோரம் நின்ற இடத்திலேயே நின்றது.

* * *

வேனில் நடு சீட்டில் தலையணை தனியாகப் பயணம் செய்தது. ராமதாஸ் முன்னால் டிரைவர் பக்கத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்புக் குவியல்கள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவர் திரும்பினார்.

"அந்தப் பொட்டிய நான்தான் எடுத்தாந்தேன். உள்ள பாக்கல."

தெரியும் என்றாள். வேறு ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மனிதர் மனசுக்குள் என்ன பாடு பட்டாரோ. வீட்டில் இறங்கி, வேட்டி மாற்றிக்கொண்டு, காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குக் கிளம்பிப் போனார்.

ரேணுகா விளக்கைப் போடவில்லை. மேற்கு ஜன்னல் வழியாக இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மகளுக்காகப் பின்னிய திரை அந்தக் காற்றில் ஆடியது. சுவரில் காகிதக் குருவிகள், அதற்குள்ளேயே சிறகு தொய்ந்து, ஒன்றிரண்டு பசை விட்டுத் தொங்கின. கூடத்தில் உட்கார்ந்தால் ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம்கூடக் கேட்காது. அதுதான் ஓடுவதில்லையே.

பெட்டியைத் திறந்து குல்லாவை வெளியே எடுத்தாள். இதை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும். குரோஷாவில் அது ஒரு சௌகரியம். கிழிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். கடைசியில் போட்ட முடிச்சைத் தளர்த்தி நுனியைப் பிடித்து இழுத்தால், வரிசை வரிசையாகப் பிரிந்து வந்துவிடும். பிரித்துச் சுற்றிவிட்டால் அது வெறும் நூல். பிறக்காத பிள்ளைக்கு யாரும் எதுவும் பின்னவில்லை.

இழுத்தாள். ஓரத்து அலங்கார வரிசை போனது. பக்கம் போனது. உச்சியில் முதன்முதலாகப் போட்ட சின்ன வளையமும் அவிழ்ந்து, கையில் சுருண்ட நூல் மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் அழுதாள். நன்றாக, சத்தம் போட்டு அழுதாள். கேட்க யாரும் இல்லாத வீட்டில் அதற்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்ஸை எடுத்தாள். நுனியைத் தேடிப் பிடித்தாள். மற்றதற்காகப் பெட்டிக்குள் கை விட்டாள்.

இல்லை.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். தன் பை, சேலை மடிப்பு, வாசலில் வேன் நின்ற இடம் எல்லாம் தேடினாள். ஒரே ஒரு சாக்ஸ்தான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்தது விருத்தாம்பாள். பெட்டியை மூடித் தந்ததும் அவர்தான். வாசலில் அந்தச் சுருக்குப்பைக் கயிற்றை எதற்கு அப்படி இழுத்து முடிந்தார்? இல்லை, முகம் கழுவப் போன நேரத்தில் பெட்டி கட்டிலில், பிரியங்காவின் கால்மாட்டில்தானே இருந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்தவள் நிஜமாகவே தூங்கினாளா?

போனைக் கையில் எடுத்தாள். என்னவென்று கேட்பது? யாரைக் கேட்பது? எடுத்தவர் ஒளித்து வைத்திருக்கிறார் என்றால், கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. போனை வைத்துவிட்டாள்.

விரல் இன்னும் நூல் நுனியில்தான் இருந்தது. ஒரே இழுப்பு, இதுவும் முடிந்துவிடும்.

இழுக்கவில்லை. இதைப் பிரித்துவிட்டால், வானூரில் யாரோ எடுத்து வைத்திருக்கிற அந்த ஒன்று தனியாகிவிடும்.